நெல்லை வெயிலில் ஆக்ஸலாட்டல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

சித்திரை பிறந்தால் எனக்கு இப்படி ஒரு போனாவது வந்துவிடும். போன வருஷம் கூப்பிட்டது மேலப்பாளையத்துத் தம்பி ஒருவன், மத்தியானம் இரண்டரை மணிக்கு.

"அண்ணே, வாக்கிங் ஃபிஷ் மேல மிதக்கு. கடையில நீல மருந்து குடுத்தாவ. ஊத்தட்டுமா?"

"ஊத்தாத. தண்ணி எத்தனை டிகிரி இருக்கு?"

"தொட்டுப் பாத்தேன்ணே, குளுகுளுன்னுதான் இருக்கு."

வெயிலில் நின்றுவிட்டு வந்து கையை விட்டால் 29 டிகிரித் தண்ணீரும் நமக்குக் குளுகுளு என்றுதான் இருக்கும். ஆக்ஸலாட்டலுக்கு அது உலை.

கடையில் 'வாக்கிங் ஃபிஷ்' என்று சொல்லி விற்றாலும் ஆக்ஸலாட்டல் மீன் கிடையாது. சாலமாண்டர் வகை, தவளைக்குத் தூரத்துச் சொந்தம். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் இதற்குச் சொந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய நம் ஊட்டி இருக்கும் உயரம். அகத்தியமலைப் பக்கம் தவளைகள் கொட்டிக் கிடக்கின்றன, பார்த்தால் மண்புழு என்று நினைக்கவைக்கும் காலில்லாத நீர்நில வாழ்விகள்கூட உண்டு. ஆனால் வாலுள்ள சாலமாண்டர் தென்னிந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சாதியைப் பார்க்க டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும். ஊட்டியில் ஸ்வெட்டரோடு திரிந்த ஆளை மே மாதம் வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவைத்தது போலத்தான் இதை நாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

இரண்டு அளவு எடுங்கள். ஒன்று தண்ணீரின் சூடு. சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். காங்கிரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை அப்போதுதான் கீழே இறக்கும். காலையில் அளந்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 16 முதல் 18 டிகிரி நல்லது. 20 வரை பயமில்லை. 22-இல் கண் வைக்க வேண்டும். 24-ஐத் தாண்டினால் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அமோனியா. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது. மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். நீர்நில வாழ்விக்குத் தோலும் மூச்சுவிடும் உறுப்புதான். தண்ணீரில் நீங்கள் ஊற்றுவது எல்லாம் அதன் உடம்புக்குள் போய்விடும்.

அடிக்கடி மேலே வந்து காற்று குடிக்கிறது, சாப்பாட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை

சூடு. மேலே வந்து ஒரு வாய் காற்று குடிப்பது இதற்கு வழக்கம்தான், நாளைக்குச் சில தடவை வரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்தால்தான் கோளாறு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூட்டில் உடம்பு கேட்பது அதிகம், தண்ணீரில் கிடைப்பது குறைவு.

என் முதல் ஆக்ஸலாட்டலை நான்தான் கொன்றேன். கத்திரி வெயில், மச்சு வீடு. காலையில் ஒரு ஐஸ் பாட்டில், மத்தியானம் ஒரு ஐஸ் பாட்டில் என்று போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பாட்டிலை உறையவைத்து 100 லிட்டர் தொட்டியில் போட்டால், அது முழுக்க உருகித் தண்ணீரின் சூட்டுக்கு வரும்போது தொட்டி இறங்குவது சுமார் ஒரு டிகிரி. ஒரே ஒரு டிகிரி! 30-ஐ 18-க்குக் கொண்டுவரப் பன்னிரண்டு பாட்டில் வேண்டும். அதைப் போட்டு முடிப்பதற்குள் அறையின் சூடு மறுபடி ஏற்றிவிடும். இப்படி ஏறி இறங்குவதே பிராணிக்குத் தனி வேதனை. ஐஸ் பாட்டில் கரண்ட் போன நேரத்துக்கு. அன்றாடத்துக்கு ஆகாது.

அடுத்தது ஃபேன். தண்ணீர்ப் பரப்பை உரசிப் போகும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதிதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றில் ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி அடைமழையில் காற்றே நனைந்து கிடப்பதால் பலன் குறைவு; நல்லவேளையாக அப்போது வெயிலும் குறைவு. ஆனால் எந்த மாதத்திலும் 32-ஐ 18 ஆக்க ஃபேனால் முடியாது. இன்னொரு விஷயம்: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றிய அளவை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மூன்றே மாதத்தில் கண்ணாடி ஓரத்தில் வெள்ளைப் படிவு கோடு கோடாக நிற்கும். வற்றியதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். வாராவாரம் மாற்றும் தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீராகவே இருக்கட்டும். முழுக்க ஆர்ஓ விட்டால் அதற்கு வேண்டிய தாதுக்கள் இல்லாமல் போகும்.

ஆக, தண்ணீரைக் குளிரவைக்கும் எந்திரமான சில்லர் வேண்டும், அல்லது ராப்பகலாக ஏசி ஓடும் அறை வேண்டும். 150 வாட் சில்லர் ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 144 யூனிட். இலவச யூனிட்டில் பெரும்பங்கை இது ஒன்றே தின்றுவிடும். பிராணியின் விலையைப் பார்க்கும்போதே இந்தக் கணக்கையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் நன்றாக வைத்துக்கொண்டால் அது பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். கட்டுப்படாது என்று தோன்றினால் வாங்காமல் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சில்லர் இருந்தும் தண்ணீர் 23-ஐ விட்டு இறங்கவில்லையா? சில்லர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் எடுத்த சூட்டை அது அறைக்குள்தான் துப்பும். அலமாரிக்குள்ளே பூட்டிவைத்தால் தான் துப்பியதைத் தானே விழுங்கிக்கொண்டு இரவு பகலாக ஓடும். அதை வெளிக்காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள். தொட்டியின் அடியிலும் மூன்று பக்கத்திலும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டுங்கள். மச்சிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். பழைய வீடாக இருந்தால் தார்சாவை விட உள்ளே, சுவர் தடித்த அறைதான் நல்ல இடம்.

மிதக்கிறது, கீழே இறங்க முடியவில்லை

ஒரு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தானாக மேலே வந்து மிதந்துவிட்டு, நினைத்தபோது கீழே போய்ப் படுத்துக்கொண்டால் அதற்கு ஒன்றுமில்லை, விளையாட்டு. இறங்கப் பார்த்து, காலை உதைத்து, மறுபடி கார்க் மாதிரி மேலே வந்தால் வயிற்றில் வாயு. பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மலச்சிக்கல்.

சூடான தண்ணீரில் தின்றது குடலிலேயே புளித்துப் போவதால் வாயு வரும். அது தவிர இங்கே முக்கியமான காரணம் கூழாங்கல். தாமிரபரணிக் கூழாங்கல் பார்க்க அழகுதான், நானும் போட்டிருந்தேன். ஆக்ஸலாட்டல் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைத் திறந்த வேகத்தில் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். புழு பக்கத்தில் கிடக்கும் கல்லும் சேர்ந்து உள்ளே போகும். கல் போட்டே தீர வேண்டுமென்றால் அதன் தலையை விடப் பெரிய கல். இல்லையென்றால் பெரியவற்றுக்கு நைசாகச் சலித்த மணல், குட்டிகளுக்கு வெறும் கண்ணாடித் தரை.

செய்ய வேண்டியது: சாப்பாட்டை நிறுத்துங்கள், மூன்று முதல் ஐந்து நாள். வளர்ந்த ஆக்ஸலாட்டல் இதனால் இளைத்துப் போகாது. ஒரு பிளாஸ்டிக் டப்பில் முதுகு மூடும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த, குளோரின் நீங்கிய தண்ணீர் வைத்து அதில் விடுங்கள். கால் தரையில் பட்டால் பதற்றம் அடங்கிவிடும். தினமும் தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும். இருட்டாக இருக்கட்டும், மேலே துணி போடுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். மேலப்பாளையத் தம்பிக்கு மூன்றாம் நாள் காலையில் டப்பின் அடியில் ஒரு கறுப்புக் கட்டியும் இரண்டு சிவப்புக் கல்லும் கிடந்தன. போட்டோ அனுப்பியிருந்தான்.

ஐந்து நாளாகியும் அசையவில்லை என்றால் கடைசி வழி ஃபிரிட்ஜ். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் இதை வளர்ப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வதுதான். மூடியில் துளை போட்ட டப்பாவில் விட்டுக் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். உள்ளே 5 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். திடீரென்று வைக்காமல், சில மணி நேரத்தில் படிப்படியாகக் குளிரவையுங்கள். மாற்றும் தண்ணீரும் அதே ஃபிரிட்ஜில் முந்தின நாளே குளிர்ந்திருக்க வேண்டும். நான் முதல்முறை வைத்தபோது ஆச்சி கதவைத் திறந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "ஏல, கத்தரிக்கா பக்கத்துல மீச வச்ச பல்லியக் கொண்டு வச்சிருக்க. நாளைக்கு இருட்டுல நான் எத எடுத்து அரியப் போறனோ." அன்றிலிருந்து டப்பாவின் மேல் சிவப்பு ரிப்பன் கட்டுகிறேன்.

வயிறு உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, பந்து போல ஆகிவிட்டால் அது வாயு கிடையாது, நீர்க்கோவை. சிறுநீரகமோ தொற்றோ காரணமாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என்ன பிராணி என்று முன்கூட்டியே போனில் சொல்லி, பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

செவுள் முன்பக்கமாக வளைந்து நிற்கிறது, வால் நுனி கொக்கி போலச் சுருள்கிறது

தண்ணீரின் ஓட்டம் அதிகம். இது குளத்துப் பிராணி, ஆற்றுப் பிராணி இல்லை. பெரிய பவர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள், அல்லது தண்ணீர் விழும் முனையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் செவுள் பின்னால் சாய்ந்துவிடும். கூட மீன் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தச் செவுள் மயிரைப் புழு என்று நினைத்து மீன்கள் கொத்தும்.

உடம்பு சிவந்து, தோல் படலமாக உரிகிறது

அமோனியா. "நேத்துதான் தண்ணி மாத்துனேன்" என்பார்கள். தண்ணீர் மாற்றுவது வேறு, ஃபில்டர் பழகியிருப்பது வேறு. கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நாலு முதல் எட்டு வாரம் ஆகும். பிராணி வருவதற்கு முன்னாலேயே இதை முடித்திருக்க வேண்டும். நடந்தது நடந்துவிட்டது என்றால் அதை டப்புக்கு மாற்றி, தினமும் முழுத் தண்ணீர் மாற்றிக்கொண்டு, தொட்டியைத் தனியே பழக்குங்கள்.

நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கெட்டி, காரத்தன்மையும் கூடுதல். ஆக்ஸலாட்டலுக்குக் கெட்டித் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். ஆனால் காரமும் சூடும் ஏற ஏற, அதே அளவு அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். பிஹெச் 8-இல் 20 டிகிரியில் இருப்பதைப் போல 30 டிகிரியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிசம்பரில் ஒன்றும் செய்யாத தொட்டி ஏப்ரலில் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழகிய ஃபில்டர் திடீரென்று கைவிட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி: ஸ்பாஞ்சை எங்கே கழுவினீர்கள்? குழாயடியில் என்றால், குளோரின் பட்டு அவ்வளவு பாக்டீரியாவும் போயிற்று. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்தால் போதும். மாநகராட்சித் தண்ணீரை ஆன்டி குளோரின் சேர்க்காமல் விடாதீர்கள். கற்றாழைச் சாறு சேர்த்தது என்று எழுதியிருக்கும் பாட்டில் வேண்டாம்.

ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் எல்லாமே செத்துக் கிடக்கின்றன

கொசு. அதாவது கொசு மருந்து. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் எந்திரம். நீங்கள் அறையில் அடிக்கும் ஸ்ப்ரே, தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி விடும் புகை, இரண்டையும் அது சேர்த்தே தள்ளும். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். அரை மணி நேரம் பம்ப் இல்லாமல் அது தாங்கும். மொட்டைமாடித் தொட்டியில் கொசுப்புழு மருந்து போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை நான் எடுப்பதில்லை. குட்டிகளுக்குத் தீனியாக டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு வளர்ப்பவர்களுக்கு அது ஒரே நாளில் எல்லாவற்றையும் காலி செய்துவிடும்.

செவுளில், காலில் வெள்ளைப் பஞ்சு

பூஞ்சை. நீல மருந்தும் பச்சை மருந்தும் கையில் எடுக்க வேண்டாம். மாலகைட் பச்சையும் செம்பு கலந்த மீன் மருந்துகளும் இதற்கு விஷம்.

சின்னதாக இருந்தால் வாதாங்கொட்டை மரத்து இலை போதும். பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு மரமாவது நிற்கும். தானாக விழுந்து காய்ந்த, பழுப்பு நிற இலை; மருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். கழுவிக் கொதிக்கவைத்து ஆறிய பின், 40 லிட்டருக்கு ஒரு பெரிய இலை. தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம்.

பஞ்சு பரவினால் உப்புக் குளியல். தனிப் பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி உப்பு, பத்து நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை. தொட்டித் தண்ணீரின் அதே சூட்டில் இருக்க வேண்டும். தூத்துக்குடிக் கல்லுப்பு நம் பக்கத்தில்தான் விளைகிறது. அயோடின் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பதினைந்து நிமிஷம் தாண்டினால் செவுளையே கருக்கிவிடும், அதனால் போனில் அலாரம் வைத்துவிட்டு பக்கத்திலேயே நில்லுங்கள். போன் வந்து பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட வேண்டாம், நான் போயிருக்கிறேன்.

புழுவை வாயில் வாங்கித் துப்புகிறது

உரக்குழியில் இருக்கும் மண்புழுவில் இரண்டு வகை. சின்னதாக, செவ்வரி போட்ட சிவப்புப் புழு தொட்டால் மஞ்சளாக ஒரு கசப்பு நீரைக் கக்கும். துப்புவது அதைத்தான். இன்னொன்று நீளமாக, ஊதா கலந்த நிறத்தில், வெளிச்சத்தில் மினுங்கும் ஆப்பிரிக்க வகை. அதை அப்படியே விழுங்கிவிடும். மண்புழு உரம் விற்பவரிடம் இரண்டில் எது என்று கேட்டு வாங்குங்கள். வயல் வாய்க்காலில் தோண்டிய புழு வேண்டாம், பூச்சி மருந்து இருக்கும். சாக்கடைப் பக்கத்து ட்யூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய சிவப்புப் புழுவும் வேண்டாம். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் போட்டால் போதும். புதிதாக வந்தது ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் பழகட்டும் என்று விடுங்கள்.

ஒரு காலைக் காணவில்லை

கூட இருப்பது தின்றிருக்கும். பிரித்துவிடுங்கள், தண்ணீரைக் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் வையுங்கள், கால் திரும்ப முளைக்கும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. இந்த முளைக்கும் வித்தைக்காகத்தான் ஆய்வுக்கூடங்கள் இதை வளர்க்கின்றன. 2018இல் வெளியான இதன் மரபணுத் தொகுதி நம்முடையதைப் போலப் பத்து மடங்கு நீளம்.

செவுள் சுருங்குகிறது, கண்ணுக்கு இமை வருகிறது

செவுள் மட்டும் சுருங்கினால் மறுபடி அமோனியாவையும் சூட்டையும் பாருங்கள். கூடவே வால் துடுப்பு கரைந்து, கண் பிதுங்கி, இமை வந்தால் அது தரைக்கு ஏறப் பார்க்கிறது. ஆக்ஸலாட்டல் காலம் முழுக்கக் குட்டி உருவிலேயே இருந்து இனம் பெருக்கும் பிராணி. எப்போதாவது ஒன்று வழி மாறும். 1864இல் பாரிஸில் துமெரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்த ஆறு ஆக்ஸலாட்டல்கள் போட்ட குட்டிகளில் சில, அடுத்த வருஷமே செவுளை உதிர்த்துத் தரைச் சாலமாண்டராக நின்று அவரைத் திகைக்கவைத்தன. உங்கள் தொட்டியில் நடந்தால் தண்ணீரைக் குறைத்து, ஒரு பக்கம் ஏறி உட்கார ஈரமான மேடு அமைத்துக் கொடுங்கள். அயோடின் கொடுத்து வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் செத்துப்போவதே அதிகம்.

முட்டை போட்டது, ஒன்றும் பொரிக்கவில்லை

முதலில் ஒன்று. ஒன்றரை வயசுக்கு முன்னால் ஜோடி சேர்க்காதீர்கள். ஆணுக்கு வால் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கம் நன்றாகப் புடைத்திருக்கும், பெண்ணுக்கு உடம்பு அகலம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டும் அநேகமாக அண்ணன் தங்கை, அதனால் வேறு வேறு இடத்தில் வாங்குங்கள்.

ஆண் தரையில் சின்னக் கூம்பு கூம்பாக, வழுவழுப்பான ஜெல்லி போல விந்துப் பொதியை வைத்துவிட்டுப் போகும். பெண் அதன் மேல் நடந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் கண்ணாடித் தரையில் அது ஒட்டாது. எனக்கு இரண்டு தடவை முன்னூறு முன்னூறு முட்டை வீணான பிறகுதான் இது மண்டையில் ஏறியது. சமையல்மேடை போட்டபோது மிச்சமான கடப்பாக் கல் துண்டைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி போட்டேன். அடுத்த மார்கழியில் கல்லின் மேல் பதினேழு கூம்பு எண்ணினேன், முட்டையும் கருப்பிடித்தது. தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி சட்டென்று குளிர்வதுதான் இதற்குச் சீசன் வந்துவிட்டதற்கான சைகை. சில்லரை 19-இலிருந்து 16-க்கு இறக்கினால் போதும்.

ஒரு தடவைக்கு 100 முதல் 1000 முட்டை வரை வரும். செடியிலும் கல்லிலும் ஒட்டிய முட்டையைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பெற்றதே தின்றுவிடும். வெள்ளையாக இருப்பதெல்லாம் செத்தது என்று எறியாதீர்கள். தாய் அல்பினோவாக இருந்தால் முட்டையே வெள்ளைதான். நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள்: உருண்டை அவரை விதை போல நீண்டிருந்தால் உயிர் இருக்கிறது. கலங்கி, மேலே நூல் படர்ந்திருந்தால் செத்தது, பக்கத்து முட்டைக்குப் பரவுவதற்குள் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். பெண்ணை ஆணிடமிருந்து பிரித்து ஆறு மாதமாவது ஓய்வு கொடுங்கள்.

எத்தனை குட்டியை வளர்க்க முடியும் என்பதை முட்டையாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மிச்ச முட்டையை முதல் இரண்டு நாளைக்குள் ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் நல்லது. எனக்கும் மனசு கேட்காமல்தான் முதல் தடவை இருநூறு குட்டி வைத்துக்கொண்டேன். அடுத்த ஒன்றரை மாதம் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

குட்டிகள் தினமும் பத்து இருபது சாகின்றன

பட்டினி. பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே சாப்பாடு. அப்புறம் அசையும் இரை மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். பொடித் தீவனம் தூவினால் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்குமே தவிரக் குட்டி தொடாது. அப்போது பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை, வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் வெயில் நமக்கு உதவி: உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு ஏர் விட்டால், நம் அறைச் சூட்டிலேயே ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரித்துவிடும். துணியில் வடித்து நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும், அதனால் சாயங்காலம் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு நாள்கூடத் தவறாமல்.

குட்டியின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தால் தின்றிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்கவே நான் காலையில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் முதலில் வரும், இதற்கு முன்னங்கால் முதலில். முன்னங்கால் வந்த சமயத்தில்தான் ஒன்றை ஒன்று கடிக்க ஆரம்பிக்கும். அளவு வாரியாகப் பிரித்து, நெரிசலைக் குறையுங்கள்.

சில்லர் கட்டுப்படாது, ஆனால் ஏதாவது வளர்க்க ஆசை

பேக்மேன் தவளை வாங்குங்கள். தென் அமெரிக்கத் தவளை. 24 முதல் 28 டிகிரி அதற்குச் சுகம், கத்திரி வெயிலில் மட்டும் கவனம் வேண்டும். உடம்பு காய்ந்து காகிதம் போல ஒரு தோல் மூடிக்கொண்டால் ஈரப்பதம் போதவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் உட்காரவையுங்கள், தானே கழன்றுவிடும். தாடை ரப்பர் மாதிரி வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தீனியில் கால்சியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். மணிமுத்தாறு பக்கம் போய்க் காட்டுத் தவளையைப் பிடித்து வருவது மட்டும் கூடாது, சட்டப்படியும் குற்றம்.

பதிவும் பழைய தண்ணீரும்

காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தப் பட்டியல் விலங்கை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே கடையில் காகிதம் கேளுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். அது அங்கே பிழைக்காது என்பது ஒருபக்கம். வெளிநாட்டு நீர்நில வாழ்விகளோடு வரும் தோல் பூஞ்சை நம் தவளைகளுக்குப் பரவினால் திரும்ப எடுக்க முடியாது. தொட்டியில் மாற்றும் பழைய தண்ணீரை வாய்க்காலில் விடுவதும் அதே ஆபத்துதான். வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் புறவாசல் வாழைக்குப் போகிறது. வலையையும் வாளியையும் அங்கேயே கவிழ்த்துக் காயவைத்துவிடுவேன்.